மாப்பிள்ளை கையில் நம்பர் பிளேட்

திரேனின் கல்யாணத்தன்று பேசி வைத்த கார் வரவில்லை. எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம். ஊரடங்குக்கு முன் எல்லாரும் வீடு திரும்ப வேண்டும் என்று முகூர்த்தத்தைக் காலையிலேயே வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் கரும்பு லாரியில் ஏறினார்கள். அது ஊர்ந்துதான் வரும்.

"நான் அத்தான் பைக்கில போறேன்," என்றான் திரேன்.

அவன் பெரியம்மா பாப்பம்மா லாரியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பொண்டாட்டி போயி வருஷம் திரும்பல. அவரா மாப்பிள்ளைய அழைச்சிட்டுப் போறது?"

"அக்கா இருந்திருந்தா வேற யாரு அழைச்சிட்டுப் போவாங்க?"

அவன் அக்கா ரொனீதா என் மனைவி. வண்டியை உதைத்தேன்.

நடபுவா தாண்டி, லோவுவுக்குப் பாதி வழியில், கரும்புக்கு நடுவே வண்டியின் சத்தம் மாறியது. கரகரத்தது. வேகத்தைக் குறைத்ததும் 'டப்' என்று வெடித்தது. நிறுத்தினேன்.

எதிரே கொஞ்ச தூரத்தில் ராணுவச் சாவடி. போன வாரம் அங்கே ஒரு டயர் வெடித்ததற்கே பஸ்ஸில் வந்தவர்களைச் சாலையில் குப்புறப் படுக்க வைத்தார்கள்.

"நம்மளயும் படுக்க வெப்பான் அத்தான். பட்டு வேட்டி!"

பிளக்கைக் கழற்றினேன். சுத்தமாக இருந்தது. மாட்டினேன்.

"முறுக்கறப்ப வெடிக்கல," என்றான். "விடறப்பதான் வெடிக்குது."

அப்படியென்றால் எங்கோ காற்று புகுகிறது. வண்டியை ஓடவிட்டு, எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் கையைக் காட்டினேன். சுடச்சுட மூச்சு அடித்தது. இரண்டு நட்டில் ஒன்றைக் காணோம். அதே அளவு நட்டு பின்னால் இருந்தது, ஒரே போல்ட்டில் தொங்கிய நம்பர் பிளேட்டில்.

ஸ்பானர் இருந்தது. ஸ்க்ரூட்ரைவர் இல்லை. திரேன் கையில் மாப்பிள்ளைக் கத்தி, நுனியில் எலுமிச்சம்பழம்.

"குடுடா."

"தாலி கட்டற வரைக்கும் கத்தி கைய விட்டுப் போகக் கூடாதுன்னு பெரியம்மா சத்தியம் வாங்கியிருக்கு. பழத்த வேணா பிடிங்க."

எனவே மாப்பிள்ளையே மண்டியிட்டான். ஒரு கையில் பழமும் மறு கையில் ஸ்பானருமாக நான் நட்டைப் பிடித்துக்கொள்ள, அவன் கத்தி நுனியால் போல்ட்டைத் திருகினான். நட்டைக் குழாயில் முடுக்கினேன். விரல் சுட்டது. உதைத்தேன். பழைய சத்தம். முறுக்கி விட்டேன். வெடிக்கவில்லை. திரேன் சாலை நடுவே ஓர் ஆட்டம் போட்டான்.

சாவடியில் சிப்பாய் கை காட்டினான். "நம்பர் எங்கே?" என்றான், தீவில் நாங்கள் பேசும் இந்தியிலேயே.

பின்னாலிருந்து திரேன் பிளேட்டை உயர்த்திக் காட்டினான். மறு கையில் கத்தியும் பழமும்.

சிப்பாய் மஞ்சள் பூசிய முகத்தைப் பார்த்தான். "கத்தி தெரியும், கல்யாணம். இந்தத் தகரம் எதுக்கு? பொண்ணுக்கு நகையா?"

தடுப்பை அவனே தூக்கினான்.

சிறிது தூரம் போனதும் திரேன் தோளைத் தட்டினான். "அத்தான், நிறுத்துங்க. இன்னொரு சத்தம் வருது."

காது கொடுத்துக் கேட்டேன். வண்டியில் இல்லை. நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பந்தல் வாசலில் பெண்ணின் அப்பா நடராஜன் ஓடி வந்தார். ஐயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க! மாப்பிள்ளை மூக்குல என்ன கரி?"

"திருஷ்டிப் பொட்டு, மாமா," என்றேன்.

தாலி கட்டும் படத்தில் திரேனின் அக்குளில் நம்பர் பிளேட் இருக்கிறது. மற்ற படங்கள் தெளிவாக வரவில்லை. பிறகு இருவரும் நாட்டை விட்டுப் போக, கனடா விசாவுக்குக் கல்யாணச் சாட்சியாக அதைத்தான் அனுப்பினார்கள். விசா வந்துவிட்டது.