மறுக்கப்பட்ட நகல்

என்னை வெளியே அனுப்பிய அன்று அத்தான் என் நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டார், என் கணக்கை முடக்கினார், என் நாற்காலியில் தன் பையை வைத்தார். நிரலைத் தானாக நகலெடுக்கும் ஏற்பாட்டிலிருந்து என் மின்னஞ்சல் முகவரியை எடுக்க மட்டும் மறந்துவிட்டார். மறந்தார் என்பதுகூட அவருக்கு மரியாதை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

அத்தான் என் அக்காவின் கணவர். மூவரும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. எந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு எந்த மெக்கானிக்கை எப்போது அனுப்புவது என்று சொல்லும் மென்பொருள் எங்களுடையது. நிரலை நான் எழுதினேன். அக்கா ஓட்டிப் பார்த்துப் பிழை பிடிப்பாள். அத்தான் டை கட்டிக்கொண்டு போய் விற்பார். ஆறு வருடம் இப்படி ஓடியது. பெரிய நிறுவனம் ஒன்று எங்களை வாங்க வந்து, நிரலை எழுதியவருக்குத்தான் தலைமைப் பொறியாளர் வேலை என்றது. அடுத்த வாரமே எனக்கு ஓய்வு தேவை என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் தோன்றிவிட்டது.

அலுவலக சர்வரில் உள்ள நிரல் முழுவதும் மணிக்கொரு முறை, யாரும் கை வைக்காமலே, வேறொரு ஊரில் என் பெயரில் வாடகைக்கு எடுத்த சர்வருக்குப் போகும். அலுவலகம் எரிந்தாலும் நிரல் பிழைக்கட்டும் என்று நான்தான் அதை அமைத்தேன். புதிதாகச் சேர்ந்ததை வாங்கிக்கொள், பழையதைத் திருத்தி அனுப்பினால் வாங்காதே, எனக்கு மெயில் போடு என்று அதற்கு ஒரு கண்டிஷனும் வைத்திருந்தேன்.

ஒரு செவ்வாய் மதியம், குளிக்காமல் கட்டிலில் கிடந்தபோது மெயில் வந்தது. ‘நகல் மறுக்கப்பட்டது. பழைய பதிவுகள் 2,117 மாற்றப்பட்டுள்ளன.’

நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் செய்தவர் பெயரோடு பதிவாகும். என் பெயரில் இருந்தவை சரியாக 2,117. என்னைத் துடைத்துவிட்டு யார் பெயரைப் போட்டிருப்பார்கள் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. எழுந்து உட்கார்ந்து அத்தானைத் திட்டினேன். பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். வெளியூர் சர்வரில் என் பெயர் அப்படியே இருந்தது. அது மணிக்கொரு முறை அத்தானின் பொய்யை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. பதினோரு நாள் அந்த மெயில்களின் முதல் வரியை மட்டும் படித்துப் படித்து சப்புக்கொட்டினேன். போன் செய்து எச்சரித்திருக்கலாம். ஏன் செய்ய வேண்டும்? எல்லோர் முன்னாலும் அவர் மூஞ்சியில் கரி பூச வேண்டும், அவ்வளவுதான்.

கம்பெனியை விற்பது பற்றிய கூட்டத்துக்குப் பங்குதாரராக எனக்கும் அழைப்பு வந்தது. வாங்கும் நிறுவனத்திலிருந்து நிரலைச் சோதிக்க வந்த ஓர் அம்மா அலுவலகப் பதிவுப் பட்டியலைச் சுவர்த் திரையில் போட்டுவிட்டு, “இதை எழுதினது யாரு?” என்று கேட்டார்.

“நான்தான் மேடம். ராப்பகலா உட்கார்ந்து எழுதினேன்” என்றார் அத்தான்.

“அத்தானுக்கு பாஸ்வேர்ட் மாத்தக்கூட ஆள் வேணும்” என்று சொல்லிக்கொண்டே என் மடிக்கணினியை இணைத்தேன். என் வெளியூர் நகலின் பட்டியலும் அலுவலகப் பட்டியலும் அருகருகே ஓடின. ஒன்றில் வரிக்கு வரி நான், மற்றதில் வரிக்கு வரி அவர். நகல் மறுக்கப்பட்ட மெயிலையும் பக்கத்தில் திறந்து வைத்தேன். அத்தான் அக்காவிடம் குனிந்து, “கம்பெனி கைமாறும்போது பேரெல்லாம் தானா மாறிடும்னு நீதானே சொன்ன?” என்றார். அவர் கிசுகிசுத்தாலும் நாலு பேருக்குக் கேட்கும்.

“மாத்தினது யாருன்னு அந்த மெயில்ல இருக்குமே?” என்றார் அந்த அம்மா.

இருந்தது. மாற்றியவர் பெயரைக் கடைசி வரியில் போட வேண்டும் என்று நானே எழுதிவைத்ததுதான். கீழே நகர்த்தினேன்.

“இது யாரு?”

“என் கூடப் பிறந்த அக்கா” என்றேன். எதிரே அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

அக்கா என் பக்கம் திரும்பினாள். “ஆமா, நான்தான். ஒவ்வொண்ணா படிச்சுப் பார்த்துத்தான்டி மாத்தினேன். நான் பிடிச்ச பிழை, நானே சரி பண்ணி உனக்கு அனுப்பினது, எல்லாத்தையும் ஆறு வருஷமா உன் பேர்லயே ஏத்தியிருக்க. எனக்கில்லாத பேரு உனக்கும் வேண்டாம்னுதான் பண்ணேன்.”

“அப்படியா?” அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

நான் திரையைப் பார்த்தேன். நான் காப்பாற்றி வைத்திருந்த அசல் நகலில் அக்காவின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை.