அப்பா வீட்டு உள் கணினி

...எடுங்கப்பா, எடுங்க, இந்த முறை எடுத்துவிடுவார், கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் குளியலறையில்... சே, அந்த வார்த்தையை எதற்கு நினைத்தாள், போன மழைக்காலத்தில் அங்கேதானே வழுக்கி விழுந்தார், இடுப்பு உடைந்து அரைநாள் ஈரத்தரையில் கிடந்தார், கத்தியும் கேட்க ஆளில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினாள். அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள், அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. அப்பாவின் எதிர்வீட்டு அக்காவும் எடுக்கவில்லை, அவளுக்கு வேலை இருக்காதா, இவள் அப்பாவைக் காவல் காக்கவா பிறந்தாள்? திரையில் அப்பா வீட்டுக் கேமராவின் பக்கம், படம் வர வேண்டிய இடத்தில் ஒரு வளையம், சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. காலையில் நன்றாகத்தானே பேசினார்... ‘சாப்பிட்டேம்மா, மாத்திரை போட்டேம்மா, தடி இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கலம்மா, போதுமா?’ போதுமா என்றாரே, அது கேலியா, கோபமா? அப்போது சிரித்துவிட்டு வைத்தாள்.

அவள் பிழைப்பே கணினிகளோடுதான். யார் வீட்டு இணையம் படுத்தாலும் எழுப்பிவிடுவாள், அந்தக் கெத்தில்தான் அப்பா வீட்டிலும் எல்லாவற்றையும் தானே மாட்டினாள். கேமராவின் மென்பொருளோ பழைய விண்டோஸைத் தவிர வேறெதிலும் ஓட மாட்டேன் என்று அடம்பிடித்தது. சரி, ஒரு பழைய கணினியில் லினக்ஸைப் போட்டு, அதற்குள் இன்னொரு கணினியை, மென்பொருளால் மட்டுமே ஆன, தொட்டுப் பார்க்க முடியாத ஒரு விண்டோஸ் கணினியைக் குடிவைத்தாள். உள் கணினி இணையத்துக்குப் போக வேண்டுமென்றால் வெளிக் கணினி வழி விட வேண்டும். வெளிக் கணினிக்குள் இங்கிருந்தே நுழைந்துவிட்டாள், கேட்டதும் பதில் சொன்னது. ஆக வீட்டில் கரண்ட் இருக்கிறது, இணையம் இருக்கிறது, அப்பா... பொறு, ஒவ்வொன்றாக. வெளிக் கணினியிலிருந்து உலகத்துக்கு பிங், ‘இருக்கியா?’ என்று கேட்கிற அந்தத் தட்டல், போகிறது. உள் கணினியிலிருந்து வெளிக் கணினிக்குப் போகிறது. உள்ளேயிருந்து உலகத்துக்கு? ஊஹூம். எத்தனை பேருக்கு ‘பதறாதீங்க, ஒவ்வொண்ணா பாக்கலாம்’ என்று போனில் சொல்லியிருக்கிறாள், அந்த வாயை இன்றைக்குத் தைக்க வேண்டும்.

பக்கத்து நாற்காலிச் சுருட்டைமுடிக்காரன் எட்டிப் பார்த்தான். ‘என்ன மேடம், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?’ அப்பா போனை எடுக்கவில்லை என்றாள். ‘தூங்குவாருங்க. எங்கப்பாவும் மத்தியானம் படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டாரு.’ தூங்குவார், தூங்கத்தான் செய்வார், ஆனால் அவள் அப்பா பகலில் தூங்குகிற ஜாதி இல்லையே... வாசலில் காவல் நிற்கிற ஃபயர்வால் மறிக்கிறதோ? எல்லா விதியையும் ஒரே தட்டில் அழித்துவிட்டால்? விரல் அந்த விசை வரை போயே போய்விட்டது. ஐயோ, வெளியிலிருந்து வருகிற யாரையும் சேர்க்காதே என்று சொல்லிவைத்தவளே அவள்தான், என்னை மட்டும் விடு என்ற விதியும் அந்தக் கும்பலோடு போய்விடும், இருக்கிற ஒரே கதவையும் சாத்திக்கொண்டு தெருவில் நிற்க வேண்டியதுதான். விரலை இழுத்துக்கொண்டாள்.

யோசி, கழுதை, யோசி. வழி விடலாமா கூடாதா என்று வெளிக் கணினிக்குச் சொல்ல ஒரு எண் இருக்கிறதே, ஒன்று என்றால் விடும், பூஜ்யம் என்றால் விடாது... பார்த்தாள். பூஜ்யம். அடிப் பாவி! மாட்டிய அன்றைக்கு அதை ஒன்றாக்கினாள், ஆனால் இப்போதைக்கு மட்டும், கணினி அணைந்து எழுந்தால் மறந்துவிடும், மறக்காமலிருக்க இன்னொரு வரி எழுத வேண்டும், எழுத உட்கார்ந்தபோதுதான் அப்பா பின்னால் வந்து நின்றார். ‘இது என்னை எப்பவும் பாத்துக்கிட்டே இருக்குமாம்மா?’ நான் பாக்கிறப்ப மட்டும் கேமராவுல பச்சை விளக்கு எரியும்பா, எரியலைன்னா யாரும் பாக்கலைன்னு அர்த்தம்... அந்தப் பேச்சில் வரி போயே போச்சு. அப்படியென்றால் கணினி அணைந்திருக்கிறது. எப்போது? கடைசியாக எழுந்த நேரத்தைக் கேட்டாள், இன்று காலை, அவள் பேசி வைத்த கையோடு. கரண்ட் போனதா? போயிருந்தால் ரவுட்டரும் அணைந்திருக்குமே, அது பாட்டுக்கு வாரக்கணக்கில் ஓடுகிறது. அப்படியானால் சுவிட்ச். அவரே அணைத்திருக்கிறார். அணைத்துவிட்டு, இவள் திட்டுவாளே என்று திரும்பப் போட்டிருக்கிறார். எதற்கு? இவள் பார்க்காமல் அந்த வீட்டில் அவருக்கு என்ன செய்ய வேண்டும்? மாத்திரைகள்... இந்த மாதத்துக்கான அத்தனையும் ஒரே டப்பாவில், இவள்தானே வாங்கிக் கையெட்டும் இடத்தில் வைத்தாள்... கடவுளே, அப்பா அப்படிப்பட்டவர் இல்லை, இல்லவே இல்லை. ஹெட்போனில் மணி மறுபடி அடிக்கத் தொடங்க, ஒன்று என்று தட்டினாள்.

வளையம் நின்றது. முதலில் கட்டில், காலி. கட்டில்மேல் போன், மின்னி மின்னி அடிக்கிறது, அடிப்பது இவள்தான். கட்டிலோரம் சாய்த்துவைத்த தடி. அப்புறம்தான் அப்பா. நடு அறையில், எதையும் பிடிக்காமல், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். போன உயிர் திரும்பி வந்தது, அழுகை வந்தது, கூடவே கோபமும்... தடி இல்லாமல் நடந்து பழகுகிறார்! இவளுக்குத் தெரியாமல்! ஜன்னல் வரை போயிருக்கிறார், திரும்பிக்கொண்டிருக்கிறார், ஒரு கால் முன்னால் வந்தது, சரியாகத்தான் வந்தது... போனை எடுக்கத்தான் வருகிறார். இத்தனை நேரமும் அடித்து அடித்து அவரை விரட்டியது இவள்தான். அப்போது அவர் நிமிர்ந்தார். பச்சை விளக்கைப் பார்த்துவிட்டார். அந்த முகம் இவளுக்குத் தெரியும், மதிப்பெண் குறைந்த நாட்களில் அதே முகத்தோடு அவர் முன்னால் இவள் நின்றிருக்கிறாள். அப்பா பயப்படுகிறார். விழுந்துவிடுவோமென்று இல்லை, இவளைப் பார்த்து. விரித்த கைகள் ஆடின, தூக்கிய கால் அந்தரத்தில் தடுமாறியது, உதடு மட்டும் அசைந்தது, ஒண்ணுமில்லம்மா என்கிறாரோ... சட்டென்று பக்கத்தை மூடினாள். அங்கே விளக்கு அணைந்திருக்கும். கால் ஊன்றியதா? தெரியாது. திறந்து பார்த்தால் விளக்கு எரியும். காதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, வெட்டினால் பதறுவார், விட்டால் அவசரப்படுவார். எடுக்காதீங்கப்பா, என்று அவள் வாய்க்குள் முணுமுணுத்தாள், இப்ப எடுக்காதீங்க.