எலுமிச்சம்பழத்தை நசுக்கிய விமானம்

"மயிலு, உன் வீட்டுக்காரர் இன்னிக்காவது சோத்துக்கு எறங்குவாரா, மேலயே இருந்துருவாரா லா?" என்று ராக்கம்மா வேலிக்கு அப்பால் நின்று மயிலம்மாளைக் கேட்டாள். மயிலம்மாள் வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டாள். அவள் கணவர் மணியம், இயந்திரமே இல்லாத ஒரு விமானத்தில் புக்கிட் பெலண்டோக் செம்பனைத் தோட்டத்துக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தார்.

மணியம் ஆகாயப்படையில் இருந்தவர். காட்டுக்குள் காவல் காத்த வீரர்களுக்கு விமானத்தின் பின்கதவிலிருந்து அரிசி மூட்டைகளைத் தள்ளிவிடுவது அவர் வேலை. ஓய்வு பெற்றுத் தோட்டத்துக்கு வந்தார்; பல வருடங்கள் கழித்து அதே விமானமும் ஓய்வு பெற்று, தோட்டத்தை ஒட்டிய அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதைப் பாதுகாப்பதற்காக முதலில் இயந்திரங்களைக் கழற்றினார்கள். பிறகு துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தார்கள். சுரண்டினால் விமானம் மிஞ்சாது என்றார் அருங்காட்சியக நிர்வாகி கணேசமூர்த்தி. பின்கதவில், மணியம் நின்ற இடத்தில், துணிக்கடையிலிருந்து வாங்கிய வெள்ளைவெளேர் பொம்மை ஒன்றுக்குச் சீருடை மாட்டி நிறுத்தினார்கள். அந்தக் கதவில் தன்னை ஒரு தடவை நிற்கவிட வேண்டும் என்று மணியம் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

"பொம்மைன்னா ஆடாம நிக்கும், அங்கிள். உங்களுக்கு முட்டிவலி," என்றார் கணேசமூர்த்தி. பழைய பொருளைக் காப்பதுதான் தங்கள் கடமை, பழைய ஆட்கள் அதில் சேரமாட்டார்கள் என்றும் மரியாதையாக விளக்கினார்.

திறப்பு விழாவன்று தோட்டத்துக் கோயில் கமிட்டி வந்து, புது லோரிக்குப் போடுவது போலவே விமானத்துக்கும் பூஜை போட்டது. தேங்காய் உடைத்து, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். திறந்துவைக்க வந்த பிரமுகர் படம் பிடித்துக்கொண்டார். எல்லாரும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு கலைந்தார்கள். வண்டியை நகர்த்திப் பழத்தை நசுக்க வேண்டும் என்பது கமிட்டிக்கே மறந்துவிட்டது. பூஜை போட்ட எந்த வண்டியும் பழத்தை நசுக்காமல் நின்றதாகத் தோட்டத்தில் ஒருவரும் கண்டதில்லை. விமானம் பொறுத்துப் பார்த்தது. பழமும் அழுகாமல் காத்திருந்தது. ஒரு மாதம் போனதும் சக்கரங்கள் லேசாக உருண்டு பழத்தைத் தொட்டன.

கணேசமூர்த்தி பயந்துபோய், சக்கரத்துக்கு சிமெண்டும் கதவுக்கு வெல்டிங்கும் போட ஆள் வரச் சொன்னார். ஆள் வரவேண்டிய நாள் காலை மணியம் பழைய சீருடையை மாட்டிக்கொண்டார்; வயிற்றுப் பட்டன் சேரவில்லை. காவலாளி தே தாரேக் டீ குடிக்கப் போயிருந்தான். மணியம் ஏறி, "எடத்த விடுடா," என்று பொம்மையைக் கீழே தள்ளிவிட்டுக் கதவில் நின்றார். பழம் நசுங்கியது. விமானம் கேன்டீன் கூரையைத் தாண்டி எழும்பியது.

மணியத்துக்கு மூட்டை தள்ளத்தான் தெரியும், விமானத்தை இறக்கத் தெரியாது. அதனால் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மயிலம்மாள் வீட்டு வாசலில் ஓர் அரிசி மூட்டை விழுந்தது. எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. நொய் அதிகம் என்று மட்டும் ராக்கம்மா குறை சொன்னாள். அருங்காட்சியகத்தில் கை உடைந்த பொம்மையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கணேசமூர்த்தி வந்து, விமானம் அரசாங்கச் சொத்து, அங்கிளை இறங்கச் சொல்லுங்கள் என்று அண்ணாந்து பார்த்தபடி பேசினார்.

"கதவுல நிக்கணும்னுதான கேட்டாரு," என்றாள் மயிலம்மாள். "நிக்கட்டும்."

அப்போது மூட்டை விழுந்தது. வாய் பிரிந்து, கணேசமூர்த்தியின் கால் சப்பாத்துவரை அரிசி சிதறியது. மயிலம்மாள் ஒரு பையை நிரப்பி நீட்டினாள். கணேசமூர்த்தி மேலே பார்த்தார், பையைப் பார்த்தார். பிறகு பையைத் தோளில் தூக்கிக்கொண்டு செம்மண் சாலையில் நடந்து போனார்.