ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

அந்தத் திங்கட்கிழமை காலையில் தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியின் பின்ஜன்னலுக்கு வெளியே ஐந்து பெண்கள்தான் நின்றார்கள். ஆறாவது ஆளான ராசம்மாளை நர்ஸ் கத்தரீனாள் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார். மணி ஆறேகால். சின்னக்கானல் மலையில் மாசிக் குளிர் என்றால் சும்மாவா? அழகுத்தாய் கம்பளியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் ஒண்டி நின்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குச் சங்கு ஊதிவிடும். பேர் கொடுக்கப் பிந்தினால் கங்காணி வாயில் விழவேண்டும். அதற்குள் மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு ஓட வேண்டும்.

அது எழுபத்து நாலாம் வருஷம். பிள்ளை உண்டாகாமலிருக்க மாத்திரை என்று ஒன்று வந்திருப்பதே லயத்துப் பெண்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் மூச்சுவிட மாட்டார்கள். லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. முதல் வீட்டுப் பிள்ளை தும்மினால் பத்தாவது வீட்டிலிருந்து ‘நூறு’ என்று குரல் வரும். அங்கே மாத்திரை அட்டையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? மாமியார் கையில் அகப்பட்டால் பஞ்சாயத்து, பிள்ளைகள் கையில் அகப்பட்டால் மிட்டாய். அதனால்தான் கத்தரீனாள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அட்டைகள் அவருடைய அலமாரியில் பூட்டியிருக்கும். தினமும் பெரட்டுக்கு முன்னால் ஆளுக்கு ஒரு மாத்திரை, விழுங்க ஒரு மடக்குக் கட்டன்சாயா. சனிக்கிழமை மட்டும் இரண்டு. மறுநாள் பெரட்டும் கிடையாது, நர்ஸம்மாவும் பூசைக்கு மூணாறு போய்விடுவார் என்பதால் ஞாயிற்றுக்கிழமைக்கு உள்ளதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

பின்னாளில், பிள்ளைகளெல்லாம் வளர்ந்து மலையிறங்கிப் போன பிறகும், அழகுத்தாய்க்கு அந்த வருஷம் என்றதும் அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வரும். ஒரே அலுமினிய டம்ளர் ஆறு பேர் கையிலும் மாறி மாறி வரும் சூடு. லயத்தில் யாருக்கும் தெரியாமல் ஆறு பேர் ஒரு காரியத்தைச் செய்கிறோம் என்பதில் ஒரு குறும்பு. ஒருத்தி விழுங்கும்போது பக்கத்தில் நிற்பவள் வேண்டுமென்றே விலாவில் குத்திச் சிரிக்க வைப்பாள். அதில் ராசம்மாள் பெரிய கெட்டிக்காரி. அழகுத்தாயைவிட இரண்டு வயது மூத்தவள், நாலு பிள்ளைக்காரி, வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும். அந்தச் சிரிப்பையெல்லாம் அழகுத்தாய் அதற்குப் பிறகு வேறெங்கும் கேட்கவில்லை.

அழகுத்தாய் விளையாட்டுக்கு மாத்திரை தின்ன வந்தவள் அல்ல. மூன்றாவது பிள்ளைக்கு அவள் செத்துப் பிழைத்தாள். உதிரம் நிற்கவே இல்லை. கொழுந்து லாரியில் சாக்குக் கட்டுகளின் மேல் படுக்க வைத்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இனி ஒன்று உண்டானால் தாயைக் காப்பாற்றித் தருவதாகத் தன்னால் சொல்ல முடியாது என்று டாக்டர் அவள் புருஷன் சின்னமுத்துவிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சின்னமுத்து தேயிலை ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். அன்றைக்குத் தலையை ஆட்டினவன், அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. பொம்பளை சமாச்சாரத்தைப் பேச அவனுக்குக் கூச்சம். மாத்திரை வாங்குவது அவனுக்குத் தெரியும், ஆனால் தெரியாத மாதிரியே இருந்தான்.

கதவு திறந்தது. ராசம்மாள் யாரையும் பார்க்காமல் வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். கத்தரீனாளின் முகம் கடுகடுவென்று இருந்தது.

“ஞாயித்துக்கெழம மாத்திரைய யாரெல்லாம் திங்காம வச்சிருக்கீங்க? உள்ளதச் சொல்லுங்க.”

எஸ்டேட்டில் எது வந்தாலும் ஒருநாள் நின்றுபோகும். அரிசி வரும், நிற்கும். கம்பளி வரும், நிற்கும். மண்ணெண்ணெய் வரும், நிற்கும். இந்த மாத்திரையும் நர்ஸம்மாவுக்கு மாற்றல் வந்தால் நிற்கத்தானே செய்யும்? அன்றைக்கு என்ன செய்வது என்று யோசித்து, ஞாயிற்றுக்கிழமைக்கு உள்ளதைத் தின்னாமல் ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைக்கத் தொடங்கியவள் அழகுத்தாய்தான். வேலையில்லாத நாளில் மருந்து எதற்கு, ஆறு நாள் தின்றது ஏழாம் நாளைத் தாங்காதா என்று அவளுக்குத் தோன்றியது. தான் மட்டும் செய்திருந்தாலும் போகட்டும். பெரிய புத்திசாலி மாதிரி ராசம்மாளுக்கும் சொல்லிக் கொடுத்தாள்.

“நாந்தான் நர்ஸம்மா. சேத்து வைக்கச் சொன்னதும் நாந்தான்.”

கத்தரீனாள் திட்டவில்லை. நாகர்கோவில் பக்கத்துக்காரர், கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். “உடம்புக்கு ஞாயித்துக்கெழம உண்டா பிள்ள?” என்று மட்டும் கேட்டார். ஒருநாள் விட்டாலும் போச்சு, ராசம்மாளுக்கு இரண்டு வாரமாகத் தள்ளிப்போயிருக்கிறது என்று சொல்லி, அன்றைய மாத்திரையை ஒவ்வொருத்தி வாயிலும் போட்டுவிட்டுத்தான் அனுப்பினார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் சின்னமுத்துவுக்கு ஃபாக்டரி அடுப்பிலிருந்து விடுதலை கிடைப்பது அந்த ஒருநாள்தான். நேற்றும் அவன் வீட்டில்தான் இருந்தான், அவள் பக்கத்தில்தான் இருந்தான். நேற்றைய மாத்திரை டப்பாவில்தான் இருந்தது. பெரட்டில் கங்காணி அவள் பேரை இரண்டு தடவை கூப்பிட்டதுகூட அழகுத்தாயின் காதில் ஏறவில்லை.

மத்தியானம் கொழுந்தை எடை போட்டு முடிந்ததும், சாப்பிடப் போகாமல் டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள். மூச்சு வாங்கியது. மேசையில் டப்பாவைக் கவிழ்த்தாள்.

“பதினோரு மாத்திரை இருக்கு. மொத்தத்தையும் இப்பமே தின்னுட்டா நேத்தைக்கு ஈடாயிருமா நர்ஸம்மா?”

கத்தரீனாள் மாத்திரைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “எனக்குத் தெரியாது பிள்ள. தெரியாதத தெரியும்னு சொல்லப்பிடாது.”

ஆனால் அதோடு விடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எஸ்டேட் ஆபீசுக்கு நடந்தார். அங்கேதான் டெலிபோன். அழகுத்தாய் வாசல்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நர்ஸம்மா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆசுபத்திரி டாக்டரிடம் இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார். நாலு வார்த்தைக்கு ஒருமுறை லைன் கரகரக்கும், திரும்பவும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும், கிளார்க்குக்குக் கொண்டாட்டம். வெளியே வந்து, பாதி வழி நடந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டில் எங்கோ அப்படிப் பிந்திக் கொடுத்துப் பார்க்கிறார்களாம், டாக்டர் ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறாராம். ஆனால் எந்த மருந்து, எத்தனை என்று கணக்குத் தெரியாமல் குருட்டாம்போக்கில் தின்னக் கூடாது, உயிருக்கு ஆபத்து என்கிறாராம். இனி ஒருநாள்கூட விடாமல் தின்ன வேண்டும். அட்டையின் கடைசியில் செம்மண் நிறத்தில் ஏழு மாத்திரை வரும், அது ரத்தம் ஊறுவதற்கு. அந்த வாரத்தில் தூரம் வந்துவிட்டால் தப்பித்தாள். வராவிட்டால் ஆசுபத்திரிக்கு வரட்டும், கலைப்பதற்கு இப்போது சட்டமே இருக்கிறது என்றாராம். செம்மண் மாத்திரைக்கு இன்னும் பதினாலு நாள் கிடந்தது.

அந்தப் பதினாலு நாளையும் அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. டப்பாவைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள். ஒருநாள் குழாயடியில் நாலு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, கடைக்குட்டி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டதும் திரும்ப உள்ளே போட்டாள். மறுநாளே டப்பாவை நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டாள். மலைமேல் கூடப் பறிக்கிறவர்கள் பொதுவாகப் பேசிக்கொள்வதில் பச்சைப் பப்பாளிக்காய் என்று ஒன்று அடிபடும். அந்தக் குளிரில் பப்பாளி எங்கே காய்க்கிறது? ஃபாக்டரி வேலையாக அடிமாலிக்குப் போன சின்னமுத்துவிடம் ஒரு பப்பாளி வாங்கி வரச் சொன்னாள். எதற்கு என்று சொல்ல நாக்கு வரவில்லை.

அவன் சாயங்காலம் ராஜா மாதிரி வந்து இறங்கினான். கையில் மஞ்சள் மஞ்சேரென்று பழுத்த பழம், பஸ் பூராவும் மணத்ததாம். பத்துக் கடை ஏறி இறங்கி நன்றாகப் பழுத்ததாகப் பொறுக்கியெடுத்தானாம். பிள்ளைகள் மூன்றும் வாசலில் உட்கார்ந்து முகமெல்லாம் பூசிக்கொண்டு தின்றன. அதைப் பார்த்ததும் அழகுத்தாய்க்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகையும் வந்துவிட்டது. சின்னமுத்து மிரண்டுபோனான். பிள்ளைகளை விளையாடத் துரத்திவிட்டு, அவனிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அவன் வெகுநேரம் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். பிறகு, “நீ இல்லாம இந்த மூணையும் வச்சிக்கிட்டு நான் என்னட்டி செய்வேன்?” என்றான். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவன் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. மனுஷன் அன்றிலிருந்து தன் பாயை எடுத்துக்கொண்டுபோய் வாசற்பக்கம் பிள்ளைகளைத் தாண்டி விரித்துக்கொண்டான்.

செம்மண் மாத்திரை தொடங்கியது. முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள், ஜன்னலில் கத்தரீனாள் கண்ணால் கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டிவிட்டு மலையேறினாள். கொழுந்து பறிக்க ராசம்மாளுக்கும் அவளுக்கும் அடுத்தடுத்த செடி வரிசை, பக்கத்துப் பக்கத்து நிரை. இத்தனை நாளில் ராசம்மாள் ஒரு வார்த்தை, ‘உன்னால்தான்’ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாயாடி ராசம்மாள் வாயே திறக்காமல் பறிப்பதைப் பார்ப்பதற்குப் பேசாமல் நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

பத்து மணி இருக்கும், வெயில் ஏறும் நேரம், அழகுத்தாய்க்கு அடிவயிற்றில் சுருக்கென்றது. கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சரிவில் இறங்கி, ஓடைக்கரைப் புதருக்குப் பின்னால் போனாள். வந்திருந்தது. உண்மையாகவே வந்திருந்தது. மாரியாத்தா என்று வாய்விட்டுச் சொன்னாள். ஓடைத் தண்ணீரில் கையைக் கழுவி, முகத்தைக் கழுவி, இன்னொரு தடவை கழுவினாள். தாலி ஏறின அன்றைக்குக்கூட அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை. ஃபாக்டரி வரை ஓடிப்போய்ச் சின்னமுத்துவிடம் சொல்லிவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தாள்.

மேலே வந்தபோது ராசம்மாள் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். அழகுத்தாய் போய் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். ராசம்மாள் தலைத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள், அழகுத்தாயின் ஈர முகத்தைப் பார்த்தாள். இவள் அதற்குள் சிரிப்பை எங்கேயாவது ஒளித்து வைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“வந்துட்டா?”

“வந்துட்டுக்கா.”

“நல்லது தாயி. நீ பெழச்சுக்கிட்ட.” மனசாரத்தான் சொன்னாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, கீழே எங்கோ பார்த்தபடி, “நர்ஸம்மா நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போகலாம்ங்காக. போகவா வேண்டாமான்னு எனக்கு ஒண்ணும் ஓடல. போனா நீ கூட வருவியா?” என்றாள்.

“வாரேன்க்கா. போனாலும் வாரேன். போகலைன்னாலும் கூடத்தான் இருப்பேன்.”

ராசம்மாள் கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு செடிக்குத் திரும்பினாள். அவள் கை மெதுவாகத்தான் நகர்ந்தது. மேலே பாதையில் நின்று கங்காணி, யாருடைய நிரை அங்கே பிந்துகிறது என்று கத்தினான். இருவரும் நிமிரவில்லை. அழகுத்தாய் ஒட்டி நின்று இரண்டு கையாலும் வேகமாகப் பறித்தாள். தன் கூடையை இறக்கி வைத்த இடத்திலேயே விட்டிருந்தாள். பறித்த கொழுந்தையெல்லாம், பிடி பிடியாக, ராசம்மாளின் முதுகுக் கூடையில் போட்டுக்கொண்டே வந்தாள்.