ஸக்கரியா வேனின் கறுப்புக் கண்ணாடி

“வெளிய நிக்கிறவனுக்கு உள்ளுக்க எல்லாம் தெரியுது. உள்ளுக்க ஈக்கிற எனக்குத்தான் ரோடு தெரியுதில்ல. இதையா நீங்க டின்ட் எண்டு செல்றது?”

எதிர்வீட்டு ஹமீமா போட்ட சத்தம் எங்கள் அடுப்படி வரைக்கும் வந்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு நான் வாசலுக்கு வந்தேன். அவளுடைய புருஷன் ஸக்கரியா, மாத்தளையில் மிளகும் கிராம்பும் வாங்கி விற்கிறவர், வேன் கண்ணாடியில் கொப்புளம் போட்டிருந்த ஊதாத் தாளை விரலால் அமுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இன்னொன்று எழும்பியது. நல்ல தாளுக்கு மூன்று மடங்கு கேட்கிறான் என்றார்.

“மூணு மடங்கு குடுங்க. இந்த ரோட்டுக்கு நம்மட புள்ளய இன்னம் எத்தின தரம் காட்டுற?”

ரோடு என்று அவள் சொன்னது என்னைத்தான். எனக்குக் கோபமில்லை. அவர்களுடைய மகள் மஸீஹாவை மூன்று வீட்டார் வந்து பார்த்து, வட்டிலாப்பம் சாப்பிட்டு, பதில் சொல்லாமல் போனதை நான் மூலை வீட்டு நல்லம்மாவிடம் மட்டுமே சொன்னேன். நல்லம்மா யாரிடம் சொன்னாள் என்பதற்கு நான் பொறுப்பில்லை. பெண்ணுக்கு இருபத்தேழு. நாலாவது இடமும் தட்டிப்போனால், கண்டியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிற தாரமிழந்தவருக்குக் கொடுப்பதென்று பெரியவர்கள் பேசி முடித்திருந்தார்கள். அதனால் நாலாவது பார்வை முடியும்வரை மஸீஹா எங்கே போகிறாள், எப்போது வருகிறாள் என்று ஒரு கண்ணுக்கும் தெரியக்கூடாது.

டின்ட் கடை ரவூப் கெட்டிக்காரன். ஸக்கரியாவை ஒரு காருக்குள் இருத்திவிட்டு வெளியே நின்று நாக்கை நீட்டிக் காட்டினானாம். பிறகு இடம் மாறினார்கள். ஸக்கரியா உள்ளேயிருந்தவன் நாக்கைத் தேடிக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தும், தன் முகம்தான் தெரிந்ததாம். அங்கேயே பணத்தை எண்ணி வைத்தார். சண்டைக் காலம், சோதனைச் சாவடியில் வம்பு வேண்டாமென்று முன் கண்ணாடிகளை மட்டும் விட்டுவிட்டார்கள். அதன்பின் வீட்டுக்கு வருகிற ஒருவரையும் அவர் சும்மா விடவில்லை, ஏறிப் பாருங்க, ஏறிப் பாருங்க என்று. நானும் ஏறினேன். எங்கள் வாசலில் காய்ந்த உள்பாவாடை வரைக்கும் அச்சாகத் தெரிந்தது.

மாப்பிள்ளை சாலிஹ், கலேவெலையில் இரும்புக்கடை. சாவடியில் வரிசை நிற்குமென்று பயந்து அவர்கள் விடிய வெளிக்கிட, அன்றைக்கென்று பார்த்து வரிசையே இல்லை. ஒன்றரை மணித்தியாலம் முந்தி வந்து இறங்கினார்கள். மஸீஹா அப்போதுதான் மாமி வீட்டில் உடுத்திக்கொண்டு வேனில் வந்து சேர்ந்திருந்தாள். ஹமீமா பதறிப்போய், அசையாமல் உள்ளேயே இரு, எல்லாரும் வீட்டுக்குள் போனதும் பின்பக்கத்தால் வா என்றாள்.

பெரியவர்கள் உள்ளே போனார்கள். சாலிஹ் போகவில்லை. அவனுக்குக் கண்ணாடி கிடைத்துவிட்டது.

முதலில் தலை வாரினான். பல்லைப் பார்த்தான். பிறகு சிரித்துப் பழகினான். ஒன்று அடையாள அட்டைக்குச் சிரிக்கிற மாதிரி, ஒன்று கடனுக்கு வந்தவனுக்குச் சிரிக்கிற மாதிரி, மூன்றாவதை என்னவென்று சொல்ல எனக்கே தெரியவில்லை. மீசையில் ஒரு நரையைக் கண்டு பிடுங்கினான். பிடுங்கியதும் தும்மல், ஒன்றல்ல, ஐந்து. தொப்பி கழன்று ரோட்டோரச் சாக்கடைக் கானில் விழுந்தது. அதை எடுத்து உதறித் தன்னைத்தானே பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். அரையடி தூரத்தில் மஸீஹா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உள்ளே, தட்டோடு வந்த பெண்ணைப் பார்த்து அவன் அந்த முதலாம் சிரிப்பைச் சிரித்தான். மஸீஹாவுக்கு அடக்க முடியவில்லை. சபையில் பெண் கொல்லென்று சிரித்தாள். மாப்பிள்ளையின் உம்மா கோப்பையைக் கீழே வைத்தார். குசினிக்குள் ஹமீமா அழுதுகொண்டே மகளைக் கிள்ளினாள்.

“அவருக்கிட்ட நாலு சிரிப்பு ஈக்கு உம்மா,” என்றாளாம் மஸீஹா. “மொத மூணும் வாணாம். நாலாவதுக்கு எனக்குச் சம்மதம்.”

கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் ஸக்கரியா காசு கொடுத்தவர் அல்லவா? புறப்பட்ட மாப்பிள்ளையையும் வேனில் ஏற்றிவிட்டார். சாலிஹ் உள்ளேயிருந்து, தான் நின்று தலை வாரிய இடத்தைப் பார்த்தான். இறங்கும்போது காது இரண்டும் சிவந்திருந்தன.

“நாங்க வரக்குள்ள இதுக்க யாரும் ஈந்தாங்களா?”

“எங்கட புள்ள மட்டுந்தான்,” என்றார் ஸக்கரியா, பெருமை குறையாமல்.

எட்டு நாள் பதிலில்லை. கண்டிக்காரருக்கு ஆள் அனுப்பப் பேச்சானது. ஒன்பதாம் நாள் சாலிஹிடமிருந்து போன் வந்தது. பெண்ணிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், எவ்வளவு கண்டாள் என்று. மஸீஹா எல்லாம் என்றாள். அந்தப் பக்கம் அவன் சிரித்தது பக்கத்து அறையில் இருந்த ஹமீமாவுக்கும் கேட்டதாம். இதை அவள் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள்.

பங்குனியில் நிக்காஹ். மஸீஹா கலேவெலைக்குப் போனாள், பெற்றவர்களும் அடுத்த வருஷம் பின்னாலேயே போய்விட்டார்கள். வேனை நாவுல ஊர்க்காரன் முத்துவீரன் மரக்கறி ஏற்ற வாங்கினான். போன கிழமை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். சாவடியில் வேன் நின்றது, சிப்பாய் ஒருவன் இரண்டு கையையும் கண்ணுக்குக் குவித்துப் பின் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி, உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்த பூசணிக்காய்களை வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தான்.