பதிவேட்டில் ஒரு வரி

சாக்கை மெண்டல் ஒரு பக்கம் இழுத்தான், அக்கா பெய்லா மறுபக்கம் இழுத்தாள். அப்பாவின் மரப்பெட்டி ஏற்கெனவே குழிக்குள் இறங்கியிருந்தது.

"மானம் போகுது, விடுடா."

ஜார்ஜ் நகரிலிருந்து வந்த ஒன்பது ஆண்களும் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை. பொழுது சாய்ந்தால் யூதர்களின் ஓய்வுநாள் பிறந்துவிடும், அப்புறம் அடக்கம் கூடாது. இறந்தவருக்கான பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும்; மெண்டல்தான் பத்தாவது ஆள். தென்னாப்பிரிக்காவின் இந்தக் கிளிப்டாம் ஊரில் இப்போது யூத ஆண் என்று ஒருவரும் இல்லை. கடைசி ஆள்தான் பெட்டிக்குள் கிடந்தார்.

சாக்கில் இருந்தவை ஜெபக்கூடத்தின் நைந்துபோன புத்தகங்கள். கடவுள் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக்கூடாது, மனிதரைப் போல மண்ணில்தான் அடக்கம் செய்ய வேண்டும். "என் காலடியில வச்சிரு" என்று அப்பா ஸெலிக் மூன்று முறை சொல்லியிருந்தார். பெய்லாவும் மூன்று முறை சரியென்றிருந்தாள். நேற்று மத்தியானம் சாய்வு நாற்காலியில் அவர் கண் மூடிவிட்டார்.

"அக்கா, இந்த ஊர்ல நாம இருந்தோம்கிறதுக்கு இதுதான் மிச்சம். கேப் டவுன் மியூசியத்துல கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்க."

"முப்பது வருஷமா கேப் டவுன்ல உட்காந்திருந்த துரைக்கு இன்னிக்குத்தான் ஊர் ஞாபகம் வந்துச்சாக்கும்! அப்பா கேட்டது கண்ணாடிப் பெட்டி இல்ல, குழி."

சாக்கு கிழிந்தது. புத்தகங்கள் மண்ணில் சரிந்தன. குழி வெட்டும் ஃப்ளோரிஸ் மண்டியிட்டுப் பொறுக்கினான். பெய்லாவோடு ஒரே தெருவில் வளர்ந்தவன். கறுப்பு அட்டை நோட்டு ஒன்றை மட்டும் தனியே எடுத்துத் தூசி தட்டினான்.

"பெய்லா, இது ஜெபப் புத்தகம் இல்லியே. குழி வெட்டச் சொல்ல வர்றப்பல்லாம் உங்கப்பா இதைத்தான கக்கத்துல வச்சிருப்பாரு?"

அவள் திறந்தாள். வரிசை வரிசையாக அப்பாவின் எபிரேயக் கையெழுத்து. பெயர், இறந்த நாள், எத்தனையாவது குழி. மணற்காற்று பாதிக் கல்லறைகளின் எழுத்தைத் தின்றுவிட்டது. யார் எங்கே கிடக்கிறார்கள் என்று சொல்ல இந்த நோட்டு ஒன்றுதான் உண்டு. அதையும் அவரே சாக்கில் போட்டிருக்கிறார். இனி யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார் மனிதர்.

கடைசி வரியில் அம்மா. ஊரில் செத்த அத்தனை பேரையும் எழுதியவரை எழுத ஆளில்லை. நோட்டைக் குழியில் போட்டால், அதில் இல்லாத ஒரே ஆள் அப்பாதான்.

"யாராச்சும் பேனா குடுங்க."

ஒருவரிடமும் இல்லை. ஓய்வுநாளுக்காக எல்லோரும் சட்டைப் பையைக் காலி செய்துவிட்டு வந்திருந்தார்கள்.

"சீக்கிரம்மா. பொழுது சாஞ்சுட்டா எழுதக்கூடாது," என்றார் ஒரு பெரியவர்.

ஃப்ளோரிஸ் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினான்.

மெண்டலுக்கு அந்த எழுத்து வராது. அவன் குனிந்து, காற்றில் தாள் பறக்காமல் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கோணல்மாணலாக எழுதினாள். ஸெலிக். அவருடைய அப்பா பெயர். நாள். மூன்றாம் வரிசை, மனைவிக்குப் பக்கத்தில். எழுதி முடிக்கும்வரை அவள் அழவில்லை. பென்சிலைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் அழுதாள்.

மற்ற புத்தகங்களை அப்பாவின் காலடியில் வைத்தார்கள். ஆளுக்கு மூன்று முறை மண் தள்ளினார்கள். மெண்டல் தட்டுத்தடுமாறிப் பிரார்த்தனையைச் சொல்லி முடித்தான். கார்கள் புழுதி கிளப்பிக்கொண்டு போயின.

"இந்த நோட்டையாவது மியூசியத்துக்குக் குடுக்கலாமாக்கா?"

"குடுக்கலாம். எழுதி முடியட்டும்."

"இன்னும் என்ன எழுதணும்?"

பெய்லா பக்கத்தை அவன் பக்கம் திருப்பினாள். அம்மாவின் பெயருக்குக் கீழே அப்பா அதை எழுதிய அன்றைக்கே அளவுகோல் வைத்து மூன்று கோடு போட்டிருந்தார். முதல் கோட்டில் இப்போது அவர் இருந்தார்.

மெண்டல் காலியாக இருந்த இரண்டு கோடுகளின் மேல் படிந்திருந்த மணலைச் சட்டைக் கையால் துடைத்தான்.