இரைச்சல் போன பிறகு

முன்னறையில் தறி ஓடாத நேரம் பார்த்துத்தான் அகிலா மைக்கைத் திறக்க வேண்டும். தறி நிற்பது அப்பா சாப்பிடும்போது, இல்லாவிட்டால் புடவைக்கு யாராவது வரும்போது.

பார்வையற்ற மாணவர்களுக்கு அறிவியல் பாடங்களை வாசித்துப் பதிவு செய்ய, சென்னையில் ஒரு நிறுவனம் ஆள் கேட்டிருந்தது. வேலையும் அங்கே, ஹாஸ்டலும் அங்கே. இன்று சாயங்காலத்துக்குள் ஒரு பாடத்தை வாசித்து அனுப்ப வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல் முடித்ததிலிருந்து ஐயம்பேட்டை வீட்டை விட்டு அவள் போனது கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும்தான்.

"கிடைச்சா போயேன்," என்று அப்பா உமாபதி சொல்லியிருந்தார். கிடைக்காது என்ற தைரியத்தில் சொன்னது.

அவளுடைய மெல்லிய குரல் போன் மைக்குக்கு எட்டவில்லை. அதனால் தனி மைக் ஒன்றை வைத்து, குரலைப் பெருக்கித் தர ஒரு ப்ரீஆம்ப் செய்தாள். உள்ளங்கை அளவு போர்டு, ஒரு ஐசி, நாலைந்து கெப்பாசிட்டர், ஒரு பேட்டரி, குரலின் பெருக்கத்தை, அதாவது கெயினை, ஏற்றி இறக்க ஒரு குமிழ். எல்லாவற்றையும் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடினாள். குரல் வந்தது. கூடவே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் வந்தது. சுவருக்குள் ஓடும் கரண்ட்டை மைக் வயர் இழுத்துக்கொள்கிறது. வயரைச் சுற்றி உலோகம் இருந்தால் போய்விடும். அப்படிப்பட்ட வயர் ஊர்க் கடையில் இல்லையாம்.

நெசவுக்காரர் வீட்டில் உலோகத்துக்கா பஞ்சம்? தறிப் பக்கத்திலிருந்து ஒரு ஜரிகைச் சுருளை எடுத்து, வயர் மேல் நெருக்கமாகச் சுற்றி, நுனியை டின்னோடு முடிந்தாள். இரைச்சல் அசையவில்லை. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஜரிகையில் வைத்துப் பார்த்தாள். கரண்ட் பாய்ந்தால் 'பீப்' என்று கத்த வேண்டிய மீட்டர் வாயே திறக்கவில்லை. அசல் ஜரிகையில் இருக்கும் வெள்ளி கடத்தாமல் இருக்காது. பிளாஸ்டிக்தான் கடத்தாது.

பீரோவில் அப்பா தனியாக எடுத்து வைத்திருந்த சுருளை மீட்டரால் தொட்டாள். பீப்.

"அப்பா, தறியில ஓடுற ஜரிகை..."

உமாபதியின் கால் தறியின் மிதிகட்டையில் நின்றது. அவர் திரும்பவில்லை.

"மீட்டரை உள்ள வைம்மா."

தறி மறுபடி ஓடியது.

பீரோச் சுருளிலிருந்து கொஞ்சம் எடுத்து வயரில் சுற்றினாள். இரைச்சல் அடங்கிவிட்டது. கெயினை ஏற்றினாள். தன் மூச்சே கேட்டது.

பிற்பகலில் தறி நின்றது. மகளின் கல்யாணப் புடவையை வாங்கிப்போக ஜெயம்மாள் சென்னையிலிருந்து வந்திருந்தார். இதை விட்டால் நேரமில்லை. அகிலா பதிவைத் தொடங்கினாள்.

"அதிரும் பொருள் எதுவும் ஒலி எழுப்பும்..."

"போன தடவை வேற இடத்துல வாங்கினது ஒரே வருஷத்துல பல்லிளிச்சிடுச்சு," என்றது ஜெயம்மாளின் குரல். "சோதிச்சுக் காட்டினாத்தான் எடுப்பேன்."

"அதுக்கென்னங்க, நம்ம பொண்ணு பிசிக்ஸ் படிச்சிருக்குது. அகிலா, மீட்டரை எடுத்துக்கினு வாம்மா."

பதிவை நிறுத்தாமலே எழுந்து போனாள். அப்பா கையில் பீரோச் சுருளை வைத்திருந்தார். மீட்டரை வைத்தாள். பீப்.

"சுருளைக் கட்டிக்கினா என் பொண்ணு மணையில உக்காரப் போறா? முந்தானையில வைம்மா," என்றார் ஜெயம்மாள்.

உமாபதி புடவையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். நீவின இடத்தையே மறுபடியும் நீவினார். அகிலா குனிந்தாள். சிவப்பு முனையும் கறுப்பு முனையும் ஜரிகையில் நின்றன. மீட்டர் பேசவில்லை. ஜெயம்மாளும் குனியத் தொடங்கினார். அகிலா உள்ளங்கையைக் குவித்து மறைத்து, இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று ஒட்டினாள்.

பீப்.

"படிச்ச பொண்ணு இருக்கிற வீடுன்னா இதான்," என்று ஜெயம்மாள் சிரித்தார். "சின்னவளுக்கும் இதே மாதிரி ஒண்ணு போட்டுடுங்க. சீக்கிரம் வேணும்."

அவர் போன பிறகு அகிலா பதிவைப் போட்டுக் கேட்டாள். ஒரு வரி பாடம். பிறகு அப்பாவின் குரல், ஜெயம்மாளின் குரல், இரண்டு பீப். அவ்வளவும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. அழித்தாள். திரும்ப வாசிக்க வாயைத் திறந்தபோது முன்னறையில் 'தடக்' என்றது.

"அப்பா, கொஞ்ச நேரம் நிறுத்தேன்பா. இன்னைக்குள்ள அனுப்பணும்."

"தறியில பாவு நூல் மிச்சம் இருக்குது, ஆர்டரும் வந்துடுச்சு. நீதானே வாங்கிக் குடுத்த." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "நீ சென்னைக்குப் போயிட்டா, வர்றவங்களுக்கு யாரும்மா காட்டுறது?"

கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடத்தை முதலிலிருந்து தொடங்கினாள். குரலுக்கு மேல் தறி ஏறி மிதித்தது. கெயின் குமிழைக் கொஞ்சம் இறக்கினாள். தறிச் சத்தம் இறங்கியது. அவள் குரலும் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.